டெல் 9020 போர்டில் 8 பின், புது எஸ்எம்பிஎஸ்ஸிலும் 8 பின்: அப்படியே செருகலாமா?

கோபி_ஆல்பம் | சனி, இரவு 9:12

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. ஆபீஸில் கழித்துக் கட்டிய டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 ஒன்றை வைத்திருக்கிறேன். மினி டவர் கேபினட், ஐ5-4590 பிராசஸர், 16 ஜிபி ரேம். இரண்டு வருடமாக நன்றாக உழைக்கிறது. இப்போது எல்லோரும் 4கே வீடியோ கேட்கிறார்கள், டைம்லைன் நகர மாட்டேன் என்கிறது. அதனால் செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினேன். கார்டின் மேல் 8 பின் சாக்கெட் இருக்கிறது. டெல்லோடு வந்த 290 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் (கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) அதற்கு ஒயர் இல்லை. கார்டு வாங்கிய கடையிலேயே 450 வாட் என்று எழுதிய புது எஸ்எம்பிஎஸ் ஒன்றும் கொடுத்தார்கள்.

வீட்டில் திறந்து பார்த்தால் குழப்பம். புதியதில் 24 பின் பெரிய கனெக்டர் இருக்கிறது. என் போர்டில் 24 பின் சாக்கெட்டே இல்லை. 8 பின் ஒன்று, 4 பின் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் புது எஸ்எம்பிஎஸ்ஸில் 4+4 என்று பிரியும் 8 பின் ஒயர் இருக்கிறது. அதை போர்டின் 8 பின்னில் வைத்துப் பார்த்தேன். பாதி உள்ளே போகிறது, கொஞ்சம் அழுத்தினால் மீதியும் போய்விடும் போலிருக்கிறது. கடையில் போன் போட்டுக் கேட்டால் "8க்கு 8 தானே, போடுங்க" என்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு கல்யாண வீடியோ கொடுத்தாக வேண்டும். அழுத்தலாமா?

பட்டறை_அண்ணாச்சி | சனி, இரவு 9:19

அழுத்தாதீர்கள். முதலில் அதை வெளியே எடுங்கள். சுவரில் இருக்கும் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

8 என்பது ஓட்டையின் கணக்கு. எந்த ஓட்டையில் என்ன வருகிறது என்பது தனிக் கணக்கு. உங்கள் கையில் இருக்கும் 4+4 பிராசஸருக்குப் போகிற ஒயர். அதில் நான்கு ஒயர் 12 வோல்ட், நான்கு ஒயர் கிரவுண்ட், வேறெதுவும் கிடையாது. டெல் போர்டின் 8 பின் மெயின் சாக்கெட்டில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் போக, ஸ்டாண்ட்பை (மிஷின் அணைந்திருக்கும்போதும் வரும் கரண்ட்), ஸ்டார்ட் சிக்னல், கரண்ட் சரியாக வருகிறது என்று சொல்லும் பவர் குட் சிக்னல் எல்லாம் வந்து சேருகின்றன. சிக்னலுக்கு உரிய காலில் 12 வோல்ட் நேராக இறங்கினால் போர்டு அதோடு சரி. கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இந்த போர்டின் உள்ளே அவர் பார்த்திருக்க மாட்டார்.

திங்கட்கிழமை வேலைக்குப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே மாட்டுங்கள், கார்டைக் கழற்றி வையுங்கள். மெதுவாக ஓடினாலும் ஓடும்.

கோபி_ஆல்பம் | சனி, இரவு 9:31

எடுத்துவிட்டேன் அண்ணாச்சி. பிளக் போடுவதற்கு முன்னாலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று. பழையதை மாட்டிப் பார்த்தேன், மிஷின் ஓடுகிறது. ஆனால் ஒன்று புரியவில்லை. தவறான இடம் என்றால் கனெக்டர் உள்ளேயே போகக் கூடாது அல்லவா? அதற்காகத்தானே வடிவம் மாற்றி வைத்திருக்கிறார்கள்?

ஓம்விதி | சனி, இரவு 10:05

நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் லேபில் செய்கிற முதல் தவறே இதுதான்.

கனெக்டரின் வாயைப் பாருங்கள். சில ஓட்டைகள் சரியான சதுரம். சில ஓட்டைகளின் இரண்டு மூலை சீவியிருக்கும். சதுரக் கால் சீவிய ஓட்டைக்குள் போகாது, சீவிய கால் சதுர ஓட்டைக்குள் போய்விடும். காவல் ஒரு பக்கம்தான் இருக்கிறது. போதாததற்கு அது வெறும் பிளாஸ்டிக், பலமாக அழுத்தினால் வளைந்து வழிவிடும். "பாதி போகிறது" என்றீர்களே, அங்கேயே சில கால்கள் மறுக்கின்றன என்று அர்த்தம். சரியான இடமென்றால் விரல் நுனியால் தள்ளினாலே கிளிப் "டிக்" என்று விழும்.

இப்போது 8 பின்கள். சாதாரண கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு வகை உண்டு, உங்கள் டெல்லில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது.

பிராசஸர் 8 பின்: கிளிப் இருக்கும் பக்கத்து வரிசை நான்கும் 12 வோல்ட், மறு வரிசை நான்கும் கிரவுண்ட். கலர் ஒயர் என்றால் கிளிப் பக்கம் மஞ்சள்.

கிராபிக்ஸ் கார்டு 8 பின்: அப்படியே தலைகீழ். கிளிப் பக்கம் நான்கும் கிரவுண்ட், மறு பக்கம் மூன்று 12 வோல்ட்டும் ஒரு கிரவுண்டும். பிராசஸர் ஒயரைக் கார்டில் திணித்தால் 12 வோல்ட் நேராக கிரவுண்டில் போய் முட்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் ஷார்ட் பார்த்து உடனே அணைந்துவிடும். மட்டமானது என்றால் ஒயர் உருகும்.

டெல்லின் 8 பின்: அண்ணாச்சி சொன்னதுதான். பவரும் சிக்னலும் கலந்தது.

பிராசஸர் ஒயர் 4+4 என்று சரிபாதியாகப் பிரியும். கார்டு ஒயர் 6+2 என்று பிரியும். ஒயரெல்லாம் கறுப்பாக இருக்கும் புது மாடல்களில் இந்தப் பிரிவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். கனெக்டரின் பக்கவாட்டில் சிபியு, பிசிஐஇ என்று எழுதியும் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. 24 பின்னில் 20+4 என்று பிரிகிற அந்தச் சின்ன 4 பின் துண்டு, போர்டின் பிராசஸர் 4 பின்னுக்கு உரியது போலவே தெரியும். அதில் இருப்பது 12, 5, 3.3 வோல்ட், ஒரு கிரவுண்ட். பிராசஸர் சாக்கெட்டுக்கு வேண்டியது இரண்டு 12, இரண்டு கிரவுண்ட். அதையும் அங்கே கொண்டு போகக் கூடாது.

தாம்பரம்_பிசி | சனி, இரவு 10:40

டெல் ஏன் இப்படிச் செய்தது என்று ஒரு வரி சேர்க்கிறேன். அந்த எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டுமே தருகிறது. 5, 3.3 வோல்ட் எல்லாம் போர்டே தயாரித்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற பவர் கூட மதர்போர்டில் இருந்துதானே வருகிறது, கவனித்தீர்களா? சின்னச் சுமையில் மின்சாரம் மிச்சமாகும், ஒயரும் குறையும். பின்னால் இன்டெல்லே இதே யோசனையை ஏடிஎக்ஸ்12விஓ என்று 10 பின்னோடு கொண்டு வந்தது. யோசனையில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கனெக்டர். டெல்லில் 8 பின், எச்பியில் 6 பின், லெனோவோ திங்க்சென்டரில் 14 அல்லது 10 பின். ஆபீஸ் மிஷின் வாங்கி அப்கிரேடு செய்கிறவர்கள் எல்லோரும் இங்கே வந்துதான் நிற்கிறார்கள்.

இதற்கென்றே 24 பின்னிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் ஒயர் ஆன்லைனில் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான். 9020 மினி டவரில் சாதாரண ஏடிஎக்ஸ் (கடைகளில் கிடைக்கும் பொது அளவு) எஸ்எம்பிஎஸ் உட்காரும். உங்கள் புது எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைப் படித்து எழுதுங்கள். என்னென்ன ஒயர் வருகிறது என்றும் சொல்லுங்கள்.

கோபி_ஆல்பம் | சனி, இரவு 11:02

லேபிளில்: 450 வாட். +3.3வி 20ஏ, +5வி 20ஏ, +12வி 18ஏ.

ஒயர்கள்: 24 பின் ஒன்று, 4+4 ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா மூன்று, பழைய வகை 4 பின் மோலெக்ஸ் இரண்டு. கார்டுக்கு 6+2 இல்லவே இல்லை. அதற்கென்று கடையில் ஒரு அடாப்டர் தந்தார்கள். ஒரு பக்கம் இரண்டு சாட்டா, மறு பக்கம் கார்டு 8 பின்.

ஓம்விதி | ஞாயிறு, காலை 6:50

இந்த எஸ்எம்பிஎஸ்ஸை உங்கள் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. கணக்கைப் பாருங்கள்.

+12வி 18ஏ என்றால் 12 வோல்ட் × 18 ஆம்பியர் = 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் எடுப்பது இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். பெட்டியில் 450 என்று இருந்தாலும் மீதி 3.3, 5 வோல்ட்டில் முடங்கிக் கிடக்கிறது. உங்கள் டெல் போர்டு அவற்றை வாங்கவே வாங்காது. ஐ5-4590 84 வாட். 1660 சூப்பர் 125 வாட். இரண்டே 209. ஹார்ட் டிஸ்க், விசிறி, ரேம், போர்டு எல்லாம் சேர்ந்து இன்னும் 40 வைத்துக்கொண்டால் 250 பக்கம் போகும். வீடியோ ரெண்டர் ஆகும்போது பிராசஸரும் கார்டும் சேர்ந்தே முழு மூச்சில் ஓடும், அதுவும் மணிக்கணக்கில்.

அடுத்தது அந்த சாட்டா அடாப்டர். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று மெல்லிய தகடுகள், தகடு ஒன்றுக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஹார்ட் டிஸ்க்குக்கு இது தாராளம். கார்டின் 8 பின்னோ 150 வாட் வரை எடுத்துக்கொள்ள உரிமை உள்ள வாசல். இரண்டு சாட்டாவைச் சேர்த்தாலும் 108 தான். 8 பின்னைக் கண்டவுடன் கார்டு "எனக்கு 150 இருக்கிறது" என்று நம்பும். பின்னால் இருப்பது சாட்டா என்று அதற்குத் தெரிய வழியில்லை. தயவுசெய்து அதைத் தூக்கிப் போடுங்கள்.

தாம்பரம்_பிசி | ஞாயிறு, காலை 9:15

எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடாப்டர் என்றாலே எரியும் என்பது அதிகம் மேடம். நான் ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டை மோலெக்ஸ் டு 6 பின் அடாப்டரில் நான்கு வருடம் ஓட்டினேன். தொட்டால் சூடு கூட இருந்ததில்லை.

ஓம்விதி | ஞாயிறு, காலை 9:40

உங்கள் அனுபவம் உண்மைதான் தம்பி, காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது. 750 டிஐ மொத்தமே 60 வாட் கார்டு. மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் தரும். அந்த 6 பின் வழியாகப் போனது கொஞ்சம்தான். மோலெக்ஸின் பின்னும் சாட்டாவை விடத் தடிமன். நான்கு வருடம் ஓடியதற்குக் கார்டின் பசி சின்னது என்பது காரணம். 125 வாட் கார்டுக்கு அதை எடுத்துக்காட்டாகக் கொள்ள முடியாது.

ஸ்லாட் 75, 6 பின் 75, 8 பின் 150. இந்த மூன்று எண்ணும் மனதில் இருந்தால் எந்தக் கார்டுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

தாம்பரம்_பிசி | ஞாயிறு, காலை 9:52

சரி மேடம், புரிகிறது. அப்படி யோசித்ததில்லை.

பட்டறை_அண்ணாச்சி | ஞாயிறு, காலை 11:30

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அதனால் பழைய கதை ஒன்று. 24 பின்னுக்கு முன் 20 பின், அதற்கும் முன் ஏடி காலம். பி8, பி9 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 6 பின் கனெக்டர். இரண்டும் ஒரே மாதிரி, இடம் மாற்றிச் செருகினாலும் ஏறி உட்காரும். தொழில் கற்றுக்கொடுத்தவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், "கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு". இரண்டு கனெக்டரின் கறுப்பு ஒயர்களும் நடுவில் சேர்ந்து வர வேண்டும். மாறிப்போனால் போர்டு புகைந்துவிடும். செருகுவேன், கையை எடுத்துவிட்டு மறுபடியும் கறுப்பைப் பார்ப்பேன், பிறகுதான் சுவிட்ச். இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

98க்குப் பிறகு சில வருடம் வந்த டெல் டெஸ்க்டாப்புகளில் 20 பின் கனெக்டர் பார்க்க அச்சு அசல் ஏடிஎக்ஸ். உள்ளே ஒயர் வரிசை வேறு. சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினால் டிக் என்று அழகாக உட்காரும், போர்டு போய்விடும். 9020 அந்த வகையில் நல்லது. செருக முடியாத மாதிரி வேறு வடிவம் வைத்திருக்கிறார்கள், அதனால் நாம் நின்று யோசிக்கிறோம்.

என் யோசனை இது. தொழில் நடக்கிற மிஷினில் அடாப்டர் வேண்டாம். கார்டை மாற்ற முடியுமா பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்தான். பெரும்பாலான மாடல்களில் தனி பவர் ஒயரே வேண்டாம், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். டெல்லின் 290 வாட்டே போதும்.

மழைக்குருவி | ஞாயிறு, பிற்பகல் 1:10

ஆர்எக்ஸ் 6400 கூட ஒயர் இல்லாத கார்டுதானே, 53 வாட். விலையும் குறைவு.

தாம்பரம்_பிசி | ஞாயிறு, பிற்பகல் 1:25

வீடியோ வேலைக்கு அது வேண்டாம். 6400இல் வீடியோ என்கோடர் கிடையாது, எக்ஸ்போர்ட் செய்யும்போது உதவாது. அதோடு நான்கு லேன்தான் (போர்டோடு டேட்டா போய்வரும் பாதை). 9020 போன்ற பழைய 3.0 ஸ்லாட்டில் போட்டால் இன்னும் மந்தமாகிவிடும்.

கோபி_ஆல்பம் | ஞாயிறு, மாலை 4:20

கடையில் பேசினேன். கார்டைத் திரும்ப வாங்க மாட்டார்கள், செகண்ட் ஹேண்ட் என்பதால். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றித் தருகிறார்கள், வித்தியாசப் பணம் கொடுத்தால் நல்லதாக எடுத்துக்கொள்ளலாம். கார்டுக்குப் போட்ட பணம் போட்டதுதான். அதனால் அடாப்டர் வழிதான் எனக்கு. எப்படிச் செய்தால் பயமில்லாமல் இருக்கும் என்று சொல்லுங்கள். ஒருவேளை மாடுலர் என்கிறார்களே, ஒயரைத் தனியாகக் கழற்றும் வகை, அது வாங்கினால் வசதியா? பக்கத்துக் கடையில் அந்த மாதிரி ஒயர்கள் சும்மா கிடக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்கள்.

வடமராட்சி | ஞாயிறு, மாலை 5:05

தம்பி, அந்த ஒயர்களைத் தொட வேண்டாம். இதைச் சொல்லவென்றே கணக்குத் திறந்து எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என்னுடைய பவர் சப்ளையின் விசிறி நின்றுபோனது. அதுவும் மாடுலர்தான். வேறு கம்பெனியின் புதுசு ஒன்று வாங்கினேன். பழைய சாட்டா ஒயர்களை கேபினட்டின் பின்பக்கம் ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தேன், அவிழ்க்க மனம் வரவில்லை. பழைய ஒயரின் நுனியைப் புதுப் பெட்டியின் 6 பின் துவாரத்தில் வைத்தேன். சரியாகப் பொருந்தியது, கிளிப்பும் விழுந்தது. சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்னச் சத்தம், பிறகு கருகிய மணம். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு எஸ்எஸ்டி, மூன்றும் போய்விட்டன. ஒன்றில் அம்மாவின் கடைசி வருடப் படங்கள் இருந்தன.

பிறகுதான் அறிந்தேன். டிஸ்க் பக்கம் இருக்கும் கனெக்டருக்குத்தான் பொது விதி உண்டு. பவர் சப்ளை பக்கம் இருக்கும் துவாரத்துக்கு எந்த விதியும் இல்லை. எந்தக் காலில் 12, எதில் 5 என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வைக்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு இடையில்கூட மாறும். என் டிஸ்க்குகளுக்கு 5 வோல்ட் போக வேண்டிய வழியில் 12 வோல்ட் போயிருக்கிறது.

படங்கள் இருந்த டிஸ்க்கை கொழும்பில் தரவு மீட்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். டிஸ்க்கின் பச்சைத் தகட்டில் 5 வோல்ட் வழியில் டிவிஎஸ் டயோடு என்று ஒன்று இருக்கிறதாம். அதிக வோல்ட் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றுவது அதன் வேலை. அதைக் கழற்றியதும் டிஸ்க் சுழன்றது. உடனே எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிட்டோம். மற்ற டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் திரும்பவில்லை.

பெட்டியோடு வந்த ஒயரை அந்தப் பெட்டியோடு மட்டும் பாவியுங்கள். பெட்டியை விற்றால் ஒயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

கோபி_ஆல்பம் | ஞாயிறு, மாலை 5:30

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அம்மா படங்கள் திரும்பக் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. என் டிஸ்க்கில் இருப்பது முழுக்க ஊர்க்காரர்களின் கல்யாணம். முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறேன், அப்புறம்தான் திறப்பேன். ஒயர் கழற்றாத சாதாரண வகையே வாங்கிக்கொள்கிறேன்.

பட்டறை_அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 8:45

சரி, அடாப்டர்தான் என்றால் முறையாகச் செய்வோம். என் தயக்கம் எதில் என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவனிக்க வேண்டிய இடமும் அதுதான்.

24 பின்னில் ஒயர் எத்தனை இருந்தாலும் 12 வோல்ட் ஒயர் இரண்டே இரண்டுதான். சாதாரண போர்டில் அது போதும், 5ம் 3.3ம் தனித்தனி ஒயரில் வந்துவிடும். உங்கள் டெல் போர்டில் ஸ்லாட்டுக்கான பவர், ஹார்ட் டிஸ்க், ரேம், யூஎஸ்பி எல்லாமே அந்த இரண்டு ஒயரின் மேல் உட்காரும். பிராசஸர் தனி 4 பின்னில் எடுக்கிறது, கார்டின் பெரும்பங்கு 6+2வில் வரும், அதனால் தாங்கும். ஆனால் அடாப்டர் ஒயர் மெல்லியதாக, பின் தளர்வாக இருந்தால் அங்கேதான் சூடேறும்.

அடாப்டரில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, டியூபுக்குள் சுற்றி, கட்டாயம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வருகிற ஸ்டாண்ட்பை, சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் 5 வோல்ட். டெல் போர்டு எதிர்பார்ப்பது 12. அந்தச் சர்க்யூட்தான் 5ஐ ஏற்றிக் கொடுக்கிறது. வெறும் ஒயர் மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். லிஸ்டிங்கில் 9020 என்று பெயரோடு இருக்க வேண்டும். "24 டு 8 பின்" என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு கம்பெனிக்கானதாகவும் இருக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் 6+2 ஒயர் பிறவியிலேயே இருக்க வேண்டும், 12 வோல்ட் 35 ஆம்பியருக்குக் குறையக் கூடாது.

ஓம்விதி | ஞாயிறு, இரவு 9:20

மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் கேபினட்டுக்கு வெளியே, மேசை மேல். சுமைக்கு ஒரு பழைய மோலெக்ஸ் விசிறி போதும், போர்டு எதுவும் இணைக்க வேண்டாம். மெயின் சுவிட்ச் அணைந்த நிலையில் 24 பின்னில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். ஒயரெல்லாம் கறுப்பென்றால் 16ஆம் எண் பின்: கிளிப் இருக்கும் வரிசை 13இல் தொடங்கி 24 வரை போகும், அதில் நான்காவது. அதற்கு இரண்டு பக்கமும் கிரவுண்ட்தான். பிறகு சுவிட்ச் போட்டால் விசிறி சுற்றும்.

மஞ்சளில் 11.4க்கும் 12.6க்கும் இடையே, சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் இடையே வர வேண்டும். பின்னர் பேப்பர் கிளிப்பை எடுத்துவிட்டு அடாப்டரை 24 பின்னில் மாட்டி, போர்டு பக்கம் போகிற 8 பின்னில் ஸ்டாண்ட்பை காலை மட்டும் பாருங்கள். 12 பக்கம் வந்தால் சர்க்யூட் வேலை செய்கிறது. 5 வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

மழைக்குருவி | திங்கள், காலை 10:15

இடையில் என் சந்தேகம் ஒன்று. ஆபீஸ் சர்வரில் இருந்த பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. யூஎஸ்பி டப்பாவில் போட்டால் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் சாட்டா ஒயரில் போட்டால் சுற்றவே இல்லை. எஸ்எம்பிஎஸ் பழையது. கனெக்டர் சரியாகத்தான் இருக்கிறது.

ஓம்விதி | திங்கள், பிற்பகல் 12:50

உங்கள் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. சாட்டா பவரில் மூன்றாவது பின் முன்பு 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கியது. 2016இல் வந்த சாட்டா 3.3 விதியில் அதே பின்னுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். அங்கே வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். பழைய எஸ்எம்பிஎஸ் வழக்கப்படி 3.3ஐ அனுப்புகிறது, டிஸ்க் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு படுத்திருக்கிறது. மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயரில் 3.3 கிடையாது, அதில் போட்டால் சுற்றும். ஒரு டிஸ்க்குக்கு அது தாராளம். பின்களைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்கி வார்த்த வகையை மட்டும் தவிருங்கள், உள்ளே ஒயர்கள் நெருங்கி ஷார்ட் ஆவதுண்டு. ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாகக் கவ்விப் பிடித்த வகையாக வாங்குங்கள்.

மழைக்குருவி | செவ்வாய், இரவு 7:30

மோலெக்ஸ் வழியாகப் போட்டேன், சுற்றுகிறது. நன்றி மேடம். டிஸ்க் செத்துவிட்டது என்று எடைக்குப் போட இருந்தேன்.

கோபி_ஆல்பம் | வெள்ளி, இரவு 10:10

திங்கட்கிழமை வேலை பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலேயே முடித்துக் கொடுத்துவிட்டேன். இரவெல்லாம் ரெண்டர் ஓடியது, ஆனாலும் முடிந்தது.

550 வாட் எஸ்எம்பிஎஸ் எடுத்தேன். 12வி 45ஏ, 6+2 ஒயர் இரண்டு உண்டு. அடாப்டர் இன்று வந்தது, டியூபுக்குள் சின்னப் பச்சை போர்டு தெரிகிறது. மேடம் சொன்னபடி மேசையில் வைத்துப் பார்த்தேன். 12.1, 5.05. அடாப்டர் போட்டு ஸ்டாண்ட்பை பார்த்ததில் 11.9. அப்புறம்தான் கேபினட்டில் ஏற்றினேன். நான்கு ஸ்குரூவும் சரியாக விழுந்தன. ஹார்ட் டிஸ்க்குக்கு டெல் போர்டிலிருந்து வரும் பழைய ஒயரையே விட்டுவிட்டேன்.

பிராசஸர் 4+4இல் ஒரு பாதி மட்டும் போர்டின் 4 பின்னில் போனது, மறு பாதி தொங்குகிறது. அது சரிதானே? கார்டில் முதலில் அந்த 2 பின் துண்டு ஒட்டாமல் தனியே நின்றது. 6ஐயும் 2ஐயும் விரலால் சேர்த்துப் பிடித்துத் தள்ளினேன், டிக் என்றது.

சுவிட்ச் போட்டேன். டெல் படம் வந்தது. விண்டோஸ் கார்டை எடுத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் 4கே ரெண்டர் போட்டு அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன், இளம் சூடுதான்.

ஓம்விதி | வெள்ளி, இரவு 10:35

மிக்க மகிழ்ச்சி. தொங்கும் பாதியை ஒரு டையால் கட்டி ஓரமாக வையுங்கள், விசிறியில் படக் கூடாது. அந்த 2 பின் துண்டும் முக்கியம்தான். அதில் ஒரு கால் வெறும் கிரவுண்ட் இல்லை, "8 பின் முழுதாக வந்துவிட்டது" என்று கார்டுக்குச் சொல்லும் கால். 6 மட்டும் உட்கார்ந்திருந்தால் கார்டு பவர் போதாது என்று ஓட மறுத்திருக்கும்.

பட்டறை_அண்ணாச்சி | சனி, காலை 8:20

நல்ல வேலை தம்பி, கை சுத்தமாக இருக்கிறது. ஒரு மாதம் கழித்து மிஷினை அணைத்து, அடாப்டரைக் கழற்றி 24 பின்னில் அந்த இரண்டு மஞ்சள் ஒயர் வரும் இடத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் உடனே நிறுத்திவிட்டு எழுதுங்கள். நிறம் மாறவில்லை என்றால் ஓடட்டும்.

செங்கம்_நெட் | சனி, காலை 11:00

நானும் இதே பாதையில் வந்து நிற்கிறேன். எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1 டவர். கோபிக்காரர் வாங்கிய அடாப்டரையே நானும் ஆர்டர் செய்யலாமா?

பட்டறை_அண்ணாச்சி | சனி, காலை 11:20

கூடாது, அது டெல்லுக்கு மட்டும். உங்கள் எச்பி போர்டில் இரண்டு 6 பின் சாக்கெட்டும் பிராசஸருக்கு ஒரு 4 பின்னும் இருக்க வேண்டும். ஒரு 6 பின் பவருக்கு, இன்னொன்று சிக்னலுக்கு. மூடியைத் திறந்து, சாக்கெட் பக்கத்தில் போர்டில் பொடி எழுத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்.

செங்கம்_நெட் | சனி, பிற்பகல் 12:05

ஒன்றில் பிடபிள்யூஆர், இன்னொன்றில் பிடபிள்யூஆர்சிஎம்டி. பிராசஸர் பக்கம் 4 பின்னும் இருக்கிறது.

பட்டறை_அண்ணாச்சி | சனி, பிற்பகல் 12:10

அப்படியானால் இரண்டு 6 பின் தலை உள்ள, 800 ஜி1 என்று பெயர் போட்ட அடாப்டராகப் பாருங்கள். ஒரே தலை உள்ளது விலை குறைவாகத் தெரியும், அது உங்களுக்கு ஆகாது. ஆர்டர் போடும் முன் அடாப்டர் படத்தையும் உங்கள் எஸ்எம்பிஎஸ் லேபிளையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.